சாவி கொடுக்க முடியாத வாட்சு

பதினெட்டு வயதில் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு முட்டாள்தனம் இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டால் அந்த வரம்பும் போய்விடும். நான் பாஸ் செய்திருந்தேன். அதுவும் முதல் தடவையிலேயே.

இந்த ‘முதல் தடவையிலேயே’ என்பதை அந்த நாட்களில் மூச்சு விடுவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அண்ணன் சௌந்தரபாண்டி மூன்றாவது தடவையில் கரையேறியவன் என்பதால், அவன் காதில் விழும்படி கொஞ்சம் உரக்கவே சொல்வேன். அவன் பாஸ் செய்த வருடம் அப்பா மதுரைக்குப் பஸ் ஏறிப்போய் அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். (அப்பா திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் கணக்குப் பார்த்தார். எங்கள் வீடு நாகல் நகரில்.) வெள்ளை முகம், தங்க நிற முள், கறுப்புத் தோல்வார். அதைக் கட்டிய நாளிலிருந்து, தெருவில் யார் எதிரே வந்தாலும் அண்ணன் இடது கையால் தலையைச் சொறிவான். பையனுக்குத் தலை நிறையப் பேன் என்று தெரு நினைத்துக்கொண்டது.

மறு வருடம் நான் பாஸ் செய்தேன். எனக்கும் வாட்சு வேண்டும் என்றேன்.

“பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வாட்சு? நீ எந்த ரயிலப் பிடிக்கப் போற?” என்றார் அப்பா.

அண்ணனும் எந்த ரயிலையும் பிடிக்கவில்லை. காலையில் அப்பா அவனை உதைத்து எழுப்புவார், அப்பாவோடு மண்டிக்குப் போவான், அப்பாவோடு திரும்புவான். நேரம் தெரிய வேண்டிய அவசியம் அந்த உடம்பில் எந்தப் பாகத்துக்கும் இல்லை.

எனக்கு அந்த வருடம் கிடைத்தது என்ன தெரியுமா? பச்சை.

என் அம்மா ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அவளுடைய இரண்டு கைகளிலும் முழங்கைவரை பச்சை குத்தியிருக்கும். கோலம், தேள், தாமரை, அவளுடைய தம்பி பெயர், என்னவென்று எவராலும் சொல்ல முடியாத ஒரு பறவை. அதை மயில் என்பாள் அம்மா. நான் கோழி என்பேன். கல்யாணத்துக்கு முன் பெண்ணின் கையில் பச்சை இருந்தே ஆக வேண்டும் என்பது அவள் கட்சி.

“நகை நட்டெல்லாம் சுடுகாட்டுல கழட்டிருவாக. கடைசி வரைக்கும் கூட வாரது இது ஒண்ணுதாண்டி” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் வர வேணாம். நான் என்ன பட்டிக்காடா?”

முதல் தடவையிலேயே பாஸ் செய்தவள் அப்படித்தான் பேசுவாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அம்மா வந்தபோது, என் வகுப்புப் பெண்கள் அவள் கையைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். நான் அம்மாவிடம் போய், “முந்தானையை இழுத்துக் கையை மூடிக்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவளும் மூடிக்கொண்டாள். எனக்குப் பரிசு கொடுத்தபோது கை தட்டக்கூட அவள் முந்தானையை விலக்கவில்லை.

சண்டை ஒரு வாரம் நடந்தது. அம்மா சாப்பிடாமல் படுத்தாள். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கடைசியில் நான் இறங்கி வந்தேன். “சரி, குத்திக்கிறேன். ஆனா என்ன படம்னு நாந்தான் சொல்லுவேன்” என்றேன்.

“உன் இஷ்டம் ஆத்தா. பூ குத்து, கிளி குத்து, எதையாச்சும் குத்து” என்றாள் அம்மா. பாவம், ‘எதையாச்சும்’ என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சந்தை நாட்களில் காத்தாயி என்றொரு அம்மாள் எங்கள் தெருப்பக்கம் பச்சை குத்த வருவாள். தோளில் ஒரு கூடை. அதில் மை குழைக்க ஒரு கொட்டாங்கச்சியும், நாலைந்து ஊசிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டும் இருக்கும். அம்மா மாவரைக்க மில்லுக்குப் போன நேரம் பார்த்து (அது தற்செயல் அல்ல) காத்தாயியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

“என்ன தாயி, தேளா, மயிலா? கோலம் போட்டா இந்தக் கைக்கு அம்சமா இருக்கும்.”

“வாட்சு” என்றேன்.

“எது?”

“வாட்சு. கைக்கடியாரம். மணி பாக்குறது.”

காத்தாயி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் எட்டி, பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை. நான் பென்சிலால் வரைந்து வைத்திருந்த படத்தை எடுத்து நீட்டினேன். அண்ணனின் வாட்சை அப்படியே வரைந்திருந்தேன். டிராயிங்கில் நான் கெட்டிக்காரி. மணி பத்து பத்து. கடைகளில் தொங்கும் வாட்சுப் படங்களில் எல்லாம் பத்து பத்துதான் இருக்கும். ஆகவே அதுதான் கௌரவமான மணி என்று முடிவு செய்திருந்தேன்.

“எனக்கு எழுத்து நம்பரெல்லாம் வராது தாயி. புள்ளி வெக்கிறேன்.”

“வை. ஆனா இந்த முள்ளு சின்னது, இது பெருசு. மறந்துராத.”

“ரெண்டும் ஒரு வீட்டுல இருக்கதுதான? அதுல என்ன ஒண்ணு சிறுசு, ஒண்ணு பெருசு?” என்றாள் காத்தாயி.

இந்தக் கேள்வியின் விபரீதம் எனக்குப் புரிவதற்குள் ஊசி இறங்கிவிட்டது. அதன் பிறகு நான் கண்ணைத் திறக்கவில்லை. வாயை மூடவும் இல்லை. இரண்டு முள்ளையும் அவள் ஒரே நீளத்துக்குக் குத்தியிருந்தாள். ஆகவே அது பத்து பத்தா, ஒன்று ஐம்பதா என்று பார்க்கிறவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏழு மணி இருக்க வேண்டிய இடத்தில் நரம்பு ஓடுகிறது, அங்கே ஊசி படக்கூடாது என்று ஒரு புள்ளியை விட்டுவிட்டாள். இன்றுவரை என் கையில் ஏழு மணி கிடையாது.

வாரையும் விடவில்லை. மணிக்கட்டைச் சுற்றி இரண்டு கோடு, உள்பக்கம் ஒரு பக்கிள். அந்தப் பக்கிளைக் குத்தும்போது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு பாத்திமா பீ அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். (அவர் கணவருக்குத் தோல் வியாபாரம்.) யாரோ யாரையோ வெட்டுகிறார்கள் என்று நினைத்து வந்தவர், என் கையைப் பார்த்துவிட்டு நின்றார்.

“யா அல்லா! வாட்சாம்மா?”

“நல்லா இருக்கா சாச்சி?” என்று அழுதுகொண்டே கேட்டேன்.

“எங்களுக்குப் பச்சையே ஆகாதும்மா. அதுனால இது நல்லா இருக்கா இல்லையான்னு நான் சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டு, மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். என் கையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஒரே ஜீவன் அவர்தான்.

அம்மா மில்லிலிருந்து வந்தாள். மாவுத் தூக்கைக் கீழே வைத்தாள். என் கையைப் பார்த்தாள். தூக்கை மறுபடி எடுத்தாள். எறிவதற்கு என்று நினைத்தேன். மாவு வீணாகிவிடுமே என்று மறுபடி கீழே வைத்தாள்.

“அடி பாவி! நாளைக்கு மேல போயி எமன்கிட்டக் கைய நீட்டுவியே. அவன் மணியப் பாத்துட்டு, நேரமாகல, அப்புறம் வான்னு திருப்பி அனுப்பப் போறாண்டி!”

“நல்லதுதானம்மா?” என்றேன். தூக்கு மூடி பறந்து வந்தது. (மூடியில் மாவு இல்லை.)

அண்ணன் வந்தான். “சாவி எங்கிட்டுடி குடுப்ப? மூக்கத் திருகவா?” என்றான். அப்பா வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வாரு நல்லா வந்திருக்கு” என்றார். பிறகு சாப்பிடப் போய்விட்டார். அப்பா நல்லவர். பேச வேண்டிய இடத்தில் எல்லாம் சாப்பிடப் போய்விடுவார், அவ்வளவுதான்.

வீக்கம் உளுந்தவடை அளவிலிருந்து மெல்ல வடிந்தது. தெரு வடியவில்லை. படித்த பெண் பச்சையே குத்தியிருக்கக் கூடாது என்பவர்கள் ஒரு கட்சி. குத்தினதுதான் குத்தினாள், லட்சணமாக ஒரு தேளைக் குத்தியிருக்கக் கூடாதா என்பவர்கள் இன்னொரு கட்சி. கை அவளுடையதுதானே என்று சொல்லும் கட்சியில் நான் ஒருத்திதான் இருந்தேன். தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாம் நானே. காதில் எட்டு ஓட்டை, மூக்கில் இரண்டு ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்த பெண்மணிகள் எல்லாம் என் வீட்டு வாசலில் நின்று, “கடவுள் குடுத்த உடம்பப் போயி யாராச்சும் குத்திக்குவாகளா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போதெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமைதான். நமக்குப் புத்தி இருக்கிறது, அதனால்தான் இந்த ஜனங்களுக்கு நம்மைப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உலகத்தில் எத்தனையோ முட்டாள்கள் இந்த ஒரு எண்ணத்தை வைத்துக்கொண்டுதான் சந்தோஷமாக வாழ்கிறார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அங்குசாமி என்ற தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். பழனிப் பக்கம் பாலசமுத்திரம். மாப்பிள்ளை வாத்தியார்.

“தங்கமான இடம். டவுன் பொண்ணு, படிச்ச பொண்ணு வேணுமாம். ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக. கையில பச்சை கிச்சை ஏதும் இருக்கப்படாது. அவுக நாகரிகமான குடும்பமாம்.”

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். வாட்சு பத்து பத்து (அல்லது ஒன்று ஐம்பது) காட்டியது.

வளையல் போட்டு மறைக்கலாம் என்றாள் அம்மா. வளையலுக்கும் வளையலுக்கும் நடுவில் முள் எட்டிப் பார்த்தது. முழுக்கை ரவிக்கை போடலாம் என்றார் அப்பா. கையில் ஏதோ வியாதி என்று நினைத்துவிடுவார்கள் என்றார் தரகர். துணி சுற்றிக் காயம் என்று சொல்லலாம் என்றான் அண்ணன். “நெசமாவே காயம் பண்ணிட்டாப் போச்சு” என்றும் சேர்த்துச் சொன்னான். கடைசியில் தரகர்தான் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“வாட்சு மேல ஒரு வாட்சக் கட்டிட்டா எவனுக்குத் தெரியப்போகுது?”

இந்த யோசனையைக் கேட்டு என் குடும்பமே பூரித்துப்போனது. நான் உட்பட.

அண்ணன் தன் வாட்சைக் கொடுக்க ஒரு நிபந்தனை போட்டான். நான் இனி ஆயுள் உள்ளவரை ‘முதல் தடவையிலேயே’ என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கழற்றினான். அப்போதும் மனம் ஆறவில்லை. பெண்பிள்ளை கையில் ஓடி எந்திரம் தேய வேண்டாம் என்று சாவி கொடுக்காமலே தந்தான். வாரில் புதிதாக ஓட்டை போடவும் விடவில்லை. அவனுடைய மணிக்கட்டு என்னுடையதைப் போல இரண்டு பங்கு. வாட்சு நழுவாமல் இருக்க, அம்மா வாருக்கு அடியில் ஒரு துணியை மடித்துத் திணித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக, வகுப்பில் முதல் பெஞ்சுப் பையனைப் போல உட்கார்ந்திருந்தார். அவர் கையில் வாட்சு இல்லை. நாகரிகமான குடும்பத்தில் மாப்பிள்ளைகள் வாட்சு வாங்குவதில்லை. பெண் வீட்டார் கட்டும்வரை மணி தெரியாமலே இருப்பார்கள்.

நான் காபித் தட்டோடு வந்தேன். தட்டைப் பார்ப்பதற்கு முன் மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தம்பியின் காதில், அடுத்த தெருவுக்குக் கேட்கும் ரகசியக் குரலில் சொன்னார்:

“புள்ளைக்கே வாட்சு கட்டி வெச்சிருக்கறாங்க, பாருங்க. அப்ப மாப்பிள்ளைக்கு என்ன கட்டுவாங்க!”

எல்லாம் நன்றாகத்தான் போனது. கேசரி நன்றாக இருந்தது. நான் படித்தவள் என்று தரகர் சொன்னார். “ஏனம்மிணி, எத்தனாவது தடவைல பாஸ் பண்ணுனே?” என்று மாமா கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான பெண் என்று பெயர் கிடைத்தது.

மாமாவுக்கு ஒரே கவலை ராகு காலம். “ஞாயித்துக்கெழம நாலரைக்கு வந்துருமுங்க. அதுக்குள்ள பேசி முடிச்சுத் தட்டு மாத்திக்கோணும். ஏங்கண்ணு, மணி என்னாச்சு, பாத்துச் சொல்லு.”

நான் வாட்சைப் பார்த்தேன். அது பன்னிரண்டு இருபது என்றது. நேற்று அண்ணன் கழற்றித் தந்த பிறகு எங்கே நின்றுபோனதோ அங்கேயே நின்றது.

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டு இருபது என்று எப்படிச் சொல்வது? ‘நாலு மணி இருக்கும்’ என்று வாயால் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான்தான் படித்தவளாயிற்றே. வாட்சு வைத்திருப்பவர்கள் அது நின்றுவிட்டால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கையை ஸ்டைலாக உயர்த்திக் காதில் வைத்து, ஒரு குலுக்குக் குலுக்கினேன்.

துணி உருவிக்கொண்டு போய்க் கேசரித் தட்டில் விழுந்தது. அண்ணனின் வாட்சு சரசரவென்று இறங்கி முழங்கையில் போய் மாட்டிக்கொண்டது. மாமாவின் மூக்குக்கு நேராக என் சொந்த வாட்சு நின்றது.

மாமாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். முன்னால் குனிந்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார்.

“ஒண்ணு அம்பதுங்களா! அட, ராகு காலத்துக்கு இன்னும் எம்புட்டோ நேரங் கெடக்குதுங்க. அவசரமே இல்லீங்க. இன்னொரு வடை இருந்தாக் கொண்டாங்க.”

ஒருவரும் வடை எடுக்கப் போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டு என் வாட்சைத் தேய்த்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. அது அழியவில்லை. காத்தாயியின் வேலை அப்படி.

“இது பச்சைங்க!” என்றார், பாம்பைப் பிடித்துவிட்டவரைப் போல. “ஏனுங்க தரகரே, படிச்ச புள்ளைன்னு சொன்னீங்க. காட்டுல களை வெட்டற பொம்பளைங்களாட்டம் பச்சை குத்தி வெச்சிருக்குதுங்க! இதெல்லாம் ஒரு குடும்பத்துப் பழக்கமுங்களா? தராதரம் இல்லாதவங்க பண்ற வேலையில்லீங்களா இது?”

தரகர் கூரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். அப்பா சாப்பிடப் போக வழி இருக்கிறதா என்று பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். முந்தானையை மெதுவாக இழுத்து இரண்டு கைகளையும் விரல் நுனிவரை மூடிக்கொண்டாள். அவளுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது கோபம். அந்த அம்மாள் மேல் பாதி, பரிசு வாங்கிய அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் மேல் பாதி.

அந்த அம்மாள் இன்னும் நிறுத்தவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். “வெளிய தெரியறது இது. மேலுல இன்னும் எங்கெங்க என்னென்ன குத்தி வெச்சிருக்குதோ, யாரு கண்டா?”

“முதுகுல சொவருக்கடியாரம் இருக்குங்க” என்றேன்.

அந்த அம்மாள் என் மணிக்கட்டை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனார்.

“பெருசுங்க. கீழ பெண்டுலம் தொங்கும். மணிக்கு மணி அடிக்கும். ராகு காலத்துக்குத் தனியா ஒரு அடி அடிக்கும்.”

மாமா ஆவலோடு முன்னால் நகர்ந்தார். “நெசமாவா கண்ணு?”

அப்போதுதான் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. வாயில் கேசரி இருந்ததால் புரையேறியது. கண்ணில் நீர் வழியச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அவருடைய அம்மா திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “எந்திரிடா” என்றார். எழுந்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். வாத்தியார் என்றார்கள், மாணவனைப் போல அம்மாவின் பின்னாலேயே வரிசையில் போனார். அத்தனை அழகான சிரிப்புக்கு முதுகெலும்பு மட்டும் இல்லாமல் போயிற்று.

கடைசியாகச் செருப்பு மாட்டியவர் மாமாதான். “அப்ப மணி ஒண்ணு அம்பது இல்லீங்களா?” என்று வருத்தமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அம்மா என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். “உன் வாயக் கொண்டுபோயித் தீயில வைக்க” என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே குரல் உடைந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, சிரிக்கிறாள். “பெண்டுலமாம்ல! பெண்டுலம்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முந்தானை எங்கோ விழுந்து கிடந்தது. கோழியும் தேளும் தாமரையும் எல்லாம் சேர்ந்து குலுங்கின.

சிரிப்பு அன்றோடு சரி. மறுநாள் காலையில் தெருக்குழாயடியில் செய்தி தயாராக இருந்தது: வெங்காய மண்டிக் கணக்குப்பிள்ளை மகளுக்கு முதுகு பூராவும் கடிகாரம்.

நான் கிண்டலாகச் சொன்னது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்பிள்ளை கிண்டல் செய்வாள் என்பதைவிட, பெண்பிள்ளையின் முதுகில் மணி அடிக்கும் என்பதை நம்புவது எங்கள் ஊருக்குச் சுலபமாக இருந்தது. அம்மா வீடு வீடாகப் போய், “எம் மக முதுகுல ஒண்ணுமில்ல தாயி” என்று சொல்லிவிட்டு வந்தாள். அதுவரை கேள்விப்படாத வீடுகளுக்கும் அப்படித்தான் விஷயம் போய்ச் சேர்ந்தது.

அடுத்து வந்த வரன் வத்தலக்குண்டு. மாப்பிள்ளையின் அத்தை, “வாத்தா, செத்த நேரம் உக்காரு, தல பின்னிவிடுறேன்” என்று என்னை உள்ளே கூட்டிப் போனார். என் தலை ஏற்கெனவே பின்னிப் பூ வைத்திருந்தது. அவர் அதை அவிழ்த்தார். ரவிக்கையின் பின்கழுத்தை விரலால் இழுத்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு என் முதுகில் காதை வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், காதை வைத்துக் கேட்டார். அவர்களும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது இல்லாவிட்டாலும் பின்னால் என்றைக்காவது குத்திக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்பது அவர்களுடைய தீர்க்கதரிசனம்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. அம்மா இளைத்தாள். அப்பா முன்னைவிட அதிகமாகச் சாப்பிடப் போனார். தரகர் எங்கள் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தார். என்னுடைய திமிரும் பாதியாகக் கரைந்துவிட்டது. இரவில் ஈரத் துணியால் வாட்சைத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். பாலசமுத்திரத்து அம்மாளின் எச்சிலுக்கே அழியாதது ஈரத் துணிக்கா அழியும்?

அப்போதுதான், எந்தத் தரகரும் இல்லாமல், ரெட்டியார்சத்திரத்திலிருந்து வீராயி என்ற அம்மாள் பெண் கேட்டு வந்தார். பூந்தோட்டம் வைத்திருந்தார். கைகளில் என் அம்மாவுக்குப் போட்டியாகப் பச்சை. கூடவே மகன், ஒட்டன்சத்திரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். வந்து உட்கார்ந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல், நேராக என்னிடம் கேட்டார்:

“ஏத்தா, உன் முதுகுல கடியாரம் இருக்காம்ல?”

“அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி” என்று அம்மா ஓடிவந்தாள்.

எனக்கு அலுத்துவிட்டது. “இருக்கு அத்தே” என்றேன்.

“அடிக்குமா?”

“அடிக்கும்.”

“விடியமுன்ன நாலு மணிக்கு அடிக்குமா? பூப்பறிக்க எந்திரிக்கணும். எங்க வீட்டுல ஒரு பயலும் கோழி கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்கிறாங்க.”

அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. நம்பிக் கேட்கிறாரா, என்னைச் சோதிக்கிறாரா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. மகன் அதுவரை என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது பத்து பத்தா, ஒண்ணு அம்பதா?” என்றார்.

“உங்களுக்கு எது வேணுமோ அது” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “எங்க வண்டியப் பத்து பத்துக்கு எடுக்கணும். ஒண்ணு அம்பதுக்குத்தான் எடுப்பாக. ரெண்டுக்கும் சரியாத்தான் இருக்கு.”

நான் சிரித்துவிட்டேன். அவருடைய அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். இவர் சிரிப்பை நிறுத்தவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டேன்.

கல்யாணம் ஆயிற்று. மறுநாள் காலை என் மாமியார் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். தலைமுடியை ஒதுக்கி முன்னால் போட்டார். முதுகை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். பிறகு, முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மகனுக்கும், தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த பதினைந்து பேருக்கும் கேட்கும்படி ஒரு கூப்பாடு:

“ஏலே! மோசம் போயிட்டோம்டா! கடியாரத்தக் காணோம்!”

அன்றிலிருந்து அந்த வீட்டில் அது வழக்காகவே நடந்தது. சீரில் கட்டில் வந்தது, அண்டா வந்தது, குத்துவிளக்கு வந்தது, பேசிய கடிகாரம் மட்டும் வரவில்லை. என் பிறந்த வீட்டிலிருந்து யார் வந்தாலும் மாமியார் வாசலிலேயே வழிமறித்து, “கடியாரம் கொண்டாந்தீகளா?” என்று கேட்பார். அண்ணன் ரோஷக்காரன். ஒரு தீபாவளிக்கு, பெண்டுலம் வைத்த பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றை வாங்கிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். “இந்தாங்க அத்தே, இன்னியோட தீந்துச்சு” என்று நடுவீட்டில் வைத்தான்.

மாமியார் அதை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். மணி அடிக்கவிட்டுக் கேட்டார். பிறகு பழையபடி துணியைச் சுற்றி அவன் மடியிலேயே வைத்துவிட்டார்.

“இது சொவத்துல மாட்டுறது அப்பு. நாங்க பேசுனது முதுகுல இருக்கிறது.”